செங்கமாரிக்குக் காரணமான வைரசு எது? திரளாகவும் உதிரியாகவும் வரும் ஈரலழற்சியும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளும்

கண் மஞ்சளித்து, சிறுநீரின் நிறம் கடுமையாக மாறி, சோற்றின் மணத்தைக்கூடச் சகிக்க முடியாமல் வைத்தியசாலைக்கு வருபவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆண்டின் எந்த மாதத்திலும் உண்டு. ஒரு கிராமத்தில் ஒருவர், வேறொரு பக்கத்தில் இருவர் என்று உதிரியாக வருவதே வழமை. எப்போதாவது ஒரு விடுதியிலோ, ஒரே கிணற்றைப் பாவிக்கும் குடியிருப்பிலோ பலர் ஒரே காலத்தில் படுக்கையில் விழுவதும் உண்டு. பலர் விழும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார்; கிணறுகளுக்குக் குளோரீன் இடப்படுகிறது; குருதி மாதிரிகள் ஆய்வுக்குப் போகின்றன; பத்திரிகைகளில் செய்தி வெளிவருகிறது. ஒருவர் மட்டும் விழுந்தால், செங்கமாரி (மஞ்சட்காமாலை) என்று பெயர் சொல்லி, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து ஓய்வெடுக்குமாறு கூறி வீட்டுக்கு அனுப்புவதோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த ஒருவருக்கு நோயைத் தந்த வைரசு எது என்று கண்டறிவது, திரளாக நோய் பரவும்போது கண்டறிவதற்கு எவ்வகையிலும் குறைந்த கடமையன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ஈரலில் அழற்சியை உண்டாக்கிச் செங்கமாரியைத் தரும் ஈரலழற்சி வைரசுகள் ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்ட வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அதற்கான காரணம் தெளிவாகும்.

ஈரலைத் தாக்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட வைரசுகள் ஐந்து. ஏ, பீ, சீ, டீ, ஈ என்று எழுத்துகளால் அவை குறிக்கப்படுகின்றன. ஏ வைரசும் ஈ வைரசும் மலத்தால் மாசுபட்ட நீர், உணவு வழியாக வாய்க்குள் செல்பவை. பீ, சீ, டீ ஆகிய மூன்றும் குருதி வழியாகவும், பீ வைரசு சிறப்பாகத் தாயிடமிருந்து சேய்க்கும் பாலுறவு மூலமாகவும் தொற்றுபவை. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று உறவற்றவை; வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை; அவற்றுள் நான்கின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ., பீ வைரசினது மட்டும் டி.என்.ஏ. ஆயினும் அவை ஏற்படுத்தும் கடும் ஈரலழற்சி கட்டிலருகே நின்று பார்க்கும் வைத்தியருக்கு ஒரே தோற்றத்தையே காட்டுகிறது. காய்ச்சல், சோர்வு, வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று நோவு, பின்னர் மஞ்சள் நிறம் என்ற வரிசையில் வந்த நோயாளியைப் பார்த்து, இது ஏ, இது ஈ என்று அனுபவம் மிக்கவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்கு மேல், மஞ்சளிப்பவை எல்லாம் வைரசு ஈரலழற்சியும் அல்ல. 2024 டிசம்பரில், பெருவெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைப் பறித்த காய்ச்சல் முதலில் என்னவென்று தெரியாமல் பெரும் அச்சத்தை உண்டாக்கியது. மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாயிற்று. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். ஆனால் அங்கே கண்ணின் வெண்பகுதி சிவந்திருக்கும், கெண்டைக்கால் தசை தொட முடியாதபடி நோகும், சிறுநீரகம் சேர்ந்து பழுதடையும், மஞ்சளித்த பிறகும் காய்ச்சல் தொடரும். வைரசு ஈரலழற்சியில் மஞ்சள் தோன்றும் வேளையில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். குருதியில் ஈரல் நொதியங்களின் அளவு ஆயிரத்தைத் தாண்டி ஏறும். எலிக்காய்ச்சலில் அந்த ஏற்றம் அவ்வளவு பெரிதாக இராது. எலிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு, தாமதித்தால் உயிர் போகும். ஆகவே காரணத்தைப் பிரித்தறிதல் முதற்கண் நோயாளியின் உயிரைப் பற்றிய காரியம்.

ஒரே தோற்றமுடைய நோய்க்குள் பல காரணங்கள் இருக்கின்றன என்பது எளிதில் புலப்பட்டதன்று. 1883 இல் ஜேர்மனியின் பிறேமன் நகரக் கப்பல் கட்டும் தளத்தில், மனித நிணநீரிலிருந்து தயாரித்த பெரியம்மைத் தடுப்பூசி ஏற்றப்பட்ட 1,289 தொழிலாளர்களுள் 191 பேருக்குச் சில வாரங்கள் முதல் மாதங்களுக்குள் மஞ்சட்காமாலை வந்தது. ஊசி ஏற்றப்படாத சக தொழிலாளர்களுக்கு வரவில்லை. 1942 இல், மனித நீர்ப்பாயம் (குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கலந்த மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றப்பட்ட அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ 50,000 பேர் ஈரலழற்சியால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். குருதிவழி வருவது ஒன்று, மலம் வழி வருவது இன்னொன்று என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பட்டது. 1947 இல் பிரித்தானிய ஆய்வாளர் மக்கலம் முன்னதற்குப் பீ என்றும் பின்னதற்கு ஏ என்றும் பெயர் வைத்தார். பெயர் வந்துவிட்டதே தவிர, எந்த வைரசையும் எவரும் கண்டிருக்கவில்லை. அவை அன்றைய ஆய்வுகூட உயிர்க்கலங்களில் வளர மறுத்தன. சாதாரண ஆய்வு விலங்குகளில் நோயை உண்டாக்கவும் இல்லை.

அந்த இடைவெளியில் மனிதர்களையே சோதனைப் பொருளாக்கினார்கள். நியூயோர்க்கில் வில்லோபுறூக் என்ற, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதியில் 1956 முதல் சோல் குறுக்மன் தலைமையில் பிள்ளைகளுக்கு நோயாளரின் மலச்சாறு கொடுக்கப்பட்டது. நோயரும்பு காலம், அதாவது தொற்றியது முதல் நோய்க்குறி தோன்றும்வரையான காலம், குறுகிய ஒரு வகையும் நீண்ட நோயரும்பு காலமுடைய இன்னொரு வகையும் தனித்தனியானவை என்பது அங்கிருந்தே 1967 இல் திடமாக நிறுவப்பட்டது. இன்று நாம் பாடநூல்களில் படிக்கும் அறிவின் ஒரு பகுதி, மறுத்துச் சொல்ல வழியற்ற குழந்தைகளின் உடலிலிருந்து பெறப்பட்டது. அது அநீதி, பெற்ற பயன் அந்த அநீதியை நியாயப்படுத்தாது.

முதலில் அகப்பட்டது பீ வைரசு. பரூக் புளூம்பேர்க் வெவ்வேறு மக்கட் கூட்டத்தாரின் குருதிப் புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் நீர்ப்பாயத்தில் இருந்த ஒரு பொருள், பலமுறை குருதி ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் நீர்ப்பாயத்தோடு தாக்கமுற்றதைக் கண்டு 1965 இல் வெளியிட்டார். அவர் ஈரலழற்சியைத் தேடிப் போகவில்லை. அந்தப் பொருள் பீ வைரசின் மேலுறை என்பது 1960களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. 1970 இல் லண்டனில் டேன் என்பவர் 42 நனோமீற்றர் விட்டமுடைய முழு வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார். 1976 இல் புளூம்பேர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசியும் தொடர்ந்து வந்தது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2003 இல் சேர்க்கப்பட்டது.

ஏ வைரசின் கண்டுபிடிப்பு நமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பைன்ஸ்ரோன், கப்பிக்கியன், பேர்செல் ஆகிய மூவரும் 1973 இல் ஒரு நுட்பமான வழியைக் கையாண்டார்கள். நோயின் தொடக்கக் கட்டத்தில் எடுத்த மலச்சாற்றோடு, அதே நோயிலிருந்து தேறியவரின் நீர்ப்பாயத்தைக் கலந்தார்கள். தேறியவரின் குருதியில் அந்த வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கிய புரதங்களான பிறபொருளெதிரிகள் இருக்கும். அவை வைரசுத் துணிக்கைகளைப் பிடித்துக் கொத்தாகச் சேர்க்கும். தனித்தனியே சிதறிக் கிடக்கையில் கண்ணுக்குத் தப்பிய 27 நனோமீற்றர் துணிக்கைகள் கொத்தாகச் சேர்ந்தபோது இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தெரிந்தன. நோய் வருமுன் எடுத்த நீர்ப்பாயத்தைக் கலந்தால் கொத்து உருவாகவில்லை. ஒரே ஆளின் முன்னைய குருதியையும் பின்னைய குருதியையும் ஒப்பிட்டு, இந்தத் துணிக்கைதான் இந்த நோயின் காரணம் என்று காட்டிய இந்த முறையே பத்து ஆண்டுகளின் பின் இன்னொரு வைரசைக் கண்டுபிடிக்கவும் கைகொடுத்தது.

ஏ, பீ இரண்டுக்கும் பரிசோதனை வந்தவுடன், எஞ்சியிருந்த பெரிய வெற்றிடம் வெளிப்பட்டது. 1975 இல், குருதி ஏற்றிய பின் ஈரலழற்சி கண்ட அமெரிக்க நோயாளர்களைப் பரிசோதித்தபோது, பலருக்கு இரண்டும் இல்லை என்று தெரிந்தது. ஏ அல்லாததும் பீ அல்லாததும் என்று எதிர்மறையாகவே அதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஹார்வி ஓல்ற்றர் பின்தொடர்ந்த அந்த நோயின் வைரசு 1989 இல் மைக்கல் ஹோற்றன் குழுவினரால் மரபுப்பொருளின் துண்டு ஒன்றிலிருந்து அடையாளம் காணப்பட்டு, சீ என்று பெயர் பெற்றது. அவ்விருவருக்கும் சார்ள்ஸ் றைசுக்கும் 2020 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அது குருதியோடு தொடர்புடைய கதை. நீரோடு தொடர்புடைய கதை இந்தியாவில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நமது கிணறுகளுக்கு அதிலிருந்து நேரடியாகக் கற்கக் கூடியவை உண்டு.

1955 இல் யமுனை ஆற்றில் வெள்ளம் வந்து ஆற்றின் போக்கு மாறியது. நஜவ்கர் வடிகாலின் கழிவு, வசீராபாத்தில் டில்லி மாநகருக்கு நீர் எடுக்கும் இடத்தோடு கலந்தது. நவம்பரில் இது நடந்தது. நீர் பொறியியலாளர்கள் மாசைக் கவனித்துக் குளோரீனைக் கூட்டினார்கள். அதன் பயனாக நெருப்புக்காய்ச்சலோ வயிற்றுளைவோ குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. மாசு வந்து போயிற்று என்று எண்ணியிருக்கக்கூடிய வேளையில், டிசம்பரில் தொடங்கி 1956 ஜனவரி வரை மஞ்சட்காமாலை நகரைச் சூழ்ந்தது. வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பின்படி மஞ்சளித்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 29,300 பேர். பற்றீரியாவைத் தடுத்து நிறுத்திய குளோரீன் அளவு வைரசைத் தடுக்கப் போதவில்லை. கலங்கிய நீரில் அது இன்னும் போதாது. பாதிக்கப்பட்டவர்களுள் இளம் வயதினர் மிகுந்திருந்ததும், கர்ப்பிணிகள் கூடுதலாக இறந்ததும் அன்றே பதிவாயின. ஆயினும் நீர்வழி வந்ததால் அது ஏ வகை என்றே உலகம் எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகள் பாடநூல்களில் நீர்வழி ஈரலழற்சிக்கு எடுத்துக்காட்டாகவும் நின்றது.

அக்காலத்து நோயாளரின் நீர்ப்பாயம் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஏ வைரசுக்கான பரிசோதனை கைக்கு வந்த பின், அந்தப் பழைய மாதிரிகளும், 1970களில் அகமதாபாத்திலும் பூனாவிலும் பரவிய நோய்களின் மாதிரிகளும், டில்லியில் உதிரியாக வந்த நோயாளரின் மாதிரிகளும் ஒன்றுசேரப் பரிசோதிக்கப்பட்டு, 1980 இல் முடிவு வெளியாயிற்று. திரளாகப் பரவிய அந்த நோய்கள் ஏ வகையும் அல்ல, பீ வகையும் அல்ல. அத்தோடு, உதிரியாக வந்த வளர்ந்தோரின் நோயிலும் கணிசமான பகுதி அப்படியே இருந்தது. கால் நூற்றாண்டாக ஒரு பெருந்தொற்றின் காரணம் தவறாக எண்ணப்பட்டிருந்தது என்பதைவிட, இந்த இரண்டாவது கண்டறிதலே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெள்ள ஆண்டில் ஆயிரக்கணக்கில் தாக்கும் நோயும், மற்ற ஆண்டுகளில் ஒருவர் இருவராக வந்து கவனிப்பாரற்றுப் போகும் நோயும் ஒன்றே. பெருந்தொற்றுக்கும் பெருந்தொற்றுக்கும் இடையே வைரசு எங்கும் மறைந்துபோவதில்லை. உதிரி நோயாளர்களிடத்தில் அது வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அதே வேளையில் காஷ்மீரில் முகமது சுல்தான் குரு என்ற வைத்தியர் தம் சொந்த மண்ணில் தனியாக இதே முடிவை எட்டினார். 1978 நவம்பரில் தொடங்கிய பரவல் ஏறத்தாழ 200 கிராமங்களைத் தாக்கி, 52,000 பேர் அளவில் நோயுற்று, ஏறத்தாழ 1,700 பேர் இறந்தனர். வசதி குறைந்த ஆய்வுச் சூழலில் அவர் கிராமம் கிராமமாகச் சென்று, நீர் எடுக்கும் ஓடைகளைப் பார்த்து, மாதிரிகளைச் சேர்த்து, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்த பெண்கள் அசாதாரணமான விகிதத்தில் இறந்ததைப் பதிவு செய்தார். ஏ வைரசும் பீ வைரசும் இல்லை என்று காட்டி, இது புதிய வைரசு என்று 1980 இல் எழுதினார். வைரசின் உருவத்தைக் காண முன்னரே, நோயின் நடத்தையைக் கூர்ந்து பார்த்து அது வேறு என்று சொல்ல முடியும் என்பதற்கு அவருடைய பணி சான்று.

வைரசின் உருவத்தைக் கண்டவர் மொஸ்கோவின் மிக்காயில் பலயான். ஆப்கானிஸ்தானில் இருந்த சோவியத் படையினரிடையே 1981 இல் இந்த நோய் பரவியது. மாதிரிகளைப் பாதுகாப்பாக மொஸ்கோவுக்குக் கொண்டுசெல்வது கடினமாக இருந்த நிலையில், ஒன்பது நோயாளரின் மலச்சாற்றை ஒன்றாகக் கலந்து அவர் தாமே உட்கொண்டார். அவருக்கு முன்னமே ஏ வைரசுக்கு எதிரான நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்புச் சக்தி) இருந்தது. எனவே நோய் வந்தால் அது ஏ ஆக இருக்க இயலாது. 36 ஆம் நாள் அவருக்குக் கடும் ஈரலழற்சி வந்தது. அவருடைய மலத்தில் 27 முதல் 30 நனோமீற்றர் வரையான துணிக்கைகள் காணப்பட்டன. தேறிய நோயாளரின் நீர்ப்பாயத்தோடு அவை கொத்தாகச் சேர்ந்தன. குரங்குகளுக்கும் நோய் தொற்றியது. இந்த முடிவுகள் 1983 இல் வெளிவந்தன. வில்லோபுறூக்கில் பிறர் பிள்ளைகளுக்குச் செய்ததை இவர் தமக்கே செய்துகொண்டார். இன்றைய ஆய்வு நெறிகள் இதையும் அனுமதிக்க மாட்டா. 1990 இல் றேயஸ் என்பவரின் குழு, பர்மாவில் எடுத்த மாதிரியால் தொற்றூட்டிய குரங்கின் பித்தத்திலிருந்து மரபுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 7,200 அலகுகள் கொண்ட முழு மரபுப்பொருளும் வாசிக்கப்பட்டது. அதுவே ஈ வைரசு.

ஏ, ஈ ஆகிய இரண்டும் ஒரே பாதையால் வந்தாலும் சமூகத்துக்குள் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஏ வைரசு ஆளுக்கு ஆள் எளிதில் தாவும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் நிர்ப்பீடனம் இல்லாத மற்றவர்களுக்கும் ஓரிரு மாதத்துக்குள் வருவது வழமை. ஈ வைரசு வீட்டுக்குள் அவ்வாறு பரவுவது அரிது. நோயாளியோடு வாழ்பவர்களுள் நூற்றுக்கு ஒருவர் இருவர் அளவிலேயே அது காணப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரே வீட்டில் இருவர் அடுத்தடுத்து விழுந்தால் முதலில் ஏ வைரசை நினைக்க வேண்டும். பல வீடுகளில் ஒரே வாரத்தில் இளவயதினர் விழுந்து, சிறுபிள்ளைகள் தப்பியிருந்தால் ஈ வைரசையும் நீர் மூலத்தையும் நினைக்க வேண்டும். ஏ வைரசின் நோயரும்பு காலம் சராசரி 28 நாட்கள். ஈ வைரசினது ஏறத்தாழ 40 நாட்கள். நோயாளர் மிகுந்த வாரத்திலிருந்து அத்தனை நாட்கள் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், மாசு நேர்ந்த காலம் கிடைக்கும். அந்தக் காலத்தில் அங்கே என்ன நடந்தது, வெள்ளம் ஏறியதா, திருவிழா நடந்ததா, கலியாண வீட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று கேட்கும் வேலை அப்போதுதான் பொருளுடையதாகும். எந்த வைரசு என்று தெரியாதவரை எத்தனை நாட்கள் பின்னோக்கிப் போவது என்பதும் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஏன் கூர்மையாகிறது என்பதற்கு நமது நிலத்தின் அமைப்பே காரணம். வற்றாத ஆறு குடாநாட்டில் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கை ஆறு ஒன்று உண்டு. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர். அந்த நீர் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் பீறிடுவதும், புத்தூர் நிலாவரைக் கிணறு வற்றாமல் நிற்பதும் இந்தக் குகை வழிகளின் வெளித்தோற்றங்கள். மணல் நிலத்தில் நீர் மெல்ல ஊறி வடிகட்டப்படுகிறது; வெடித்த சுண்ணாம்புக் கல்லிலோ அது தடையின்றி ஓடுகிறது. நகரில் பொதுவான கழிவுநீர் வாய்க்கால் முறை இல்லை. இரண்டு பரப்பு அளவான சிறு காணிக்குள் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. அயல் வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு நம் குழியைவிடக் கிட்டவாக இருக்கும் இடங்களும் உண்டு. மாரியில் நீர்மட்டம் ஏறும்போது குழியின் அடியும் கிணற்று நீரும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. வைரசு பற்றீரியாவின் அளவில் சிறு பின்னமே. மண்ணில் வடிபடாமல் நெடுந்தூரம் செல்லும். ஏ வைரசு குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலுவிழக்காமல் இருக்கும்.

கிணற்று நீரைப் பரிசோதித்து, மலக் கிருமிகள் இல்லை என்று அறிக்கை வந்தால் மனம் ஆறுகிறோம். அந்தப் பரிசோதனை தேடுவது பற்றீரியாக்களை. டில்லியில் நடந்ததை நினைத்தால், பற்றீரியா இல்லாத நீரிலும் வைரசு இருக்கலாம் என்பது விளங்கும். வெளிற்றும் தூளை ஒருமுறை கிணற்றில் இடுவதும் சில நாட்களுக்கே பயன் தரும். வெடிப்புகளின் வழியே புதுநீர் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கிணற்றில் அந்தக் குளோரீன் விரைவில் கரைந்துபோகும். கொதிக்கவைத்தால் இரண்டு வைரசுகளும் அழியும். ஆறிய நீரைக் குடிக்க விரும்பாத பழக்கத்தோடு மட்டுமே அங்கே போராட வேண்டியிருக்கிறது. தாளையடியில் 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் குழாய் வழியே வீடுகளை அடைய அடைய நிலைமை மாறும். ஆனால் கிணறு உள்ள வீட்டில் கிணற்று நீரைக் குடிக்கும் வழக்கம் குழாய் வந்த மறுநாளே நின்றுவிடாது.

இலங்கையில் திரளாகப் பரவிய ஈரலழற்சிகளில் இதுவரை முதன்மையான பங்கு ஏ வைரசுக்கே. 2009 இல், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நெருக்கியடித்து அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் முகாம்களில் பரவியதும் அதுவே. இந்த வைரசில் ஒரு முரண் உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது மஞ்சளிப்பே இல்லாமல் வந்து போகும். வாழ்நாள் முழுவதற்கும் நிர்ப்பீடனத்தையும் விட்டுச் செல்லும். சுகாதாரம் மேம்பட மேம்படப் பிள்ளைகள் சிறு வயதில் அதைச் சந்திக்காமல் வளர்கிறார்கள். பின் இருபது, முப்பது வயதில் சந்திக்கும்போது பெரும்பாலானோருக்கு மஞ்சளித்து, சிலருக்குக் கடுமையாகவும் அமைகிறது. நோயாளரின் வயதைக் கவனித்து வந்தால் ஒரு சமூகத்தின் நீரும் மலசலகூடமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையே அது சொல்லிவிடும். ஏ வைரசுக்கு நல்ல தடுப்பூசி உண்டு; ஆயினும் அது நமது தேசியத் திட்டத்தில் இல்லை, விரும்புபவர் பணம் கொடுத்து ஏற்றிக்கொள்கிறார்கள்.

நோயறிதலின் நடைமுறை இன்று எளிது. நோயாளி மஞ்சளித்து வரும் நாளிலேயே ஏ வைரசுக்கு எதிரான, புதிய தொற்றில் முதலில் தோன்றும் ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரி குருதியில் இருக்கும். அது மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை நிற்கும். ஐ.ஜி.ஜி. வகை மட்டும் இருந்தால் அது பழைய தொற்றின் அடையாளம். பீ வைரசுக்கு அதன் மேலுறைப் பொருளும், உள்ளகப் புரதத்துக்கு எதிரான ஐ.ஜி.எம். உம் பார்க்கப்படும். மேலுறை மறைந்து, அதற்கான எதிரி இன்னும் தோன்றாத சில வாரங்களில் மேலுறைப் பொருளை மட்டும் பார்த்தால் நோய் தப்பிவிடும். ஈ வைரசுக்கும் ஐ.ஜி.எம். பரிசோதனை உண்டு; வெவ்வேறு நிறுவனங்களின் பரிசோதனைப் பொதிகள் ஒரே தரமானவையல்ல என்பதால், ஐயமான இடத்தில் வைரசின் ஆர்.என்.ஏ.யைத் தேடுவது நன்று. மலத்தில் வைரசைத் தேடுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஏ வைரசு மிகுதியாக வெளியேறுவது மஞ்சளிப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில். நோயாளி வைத்தியசாலைக்கு வரும்போது அந்தக் காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் வெறுங்கையோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

வசதி இருந்தும் பரிசோதிக்காமல் விடுவதற்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றே: எந்த வைரசானாலும் சிகிச்சை ஒன்றுதான், பெரும்பாலானோர் தாமே தேறிவிடுவர், பின் ஏன் செலவு? கட்டிலில் கிடக்கும் நோயாளியை மட்டும் பார்த்தால் இந்த வாதம் ஓரளவு நிற்கும். அவர் குடித்த கிணற்றிலிருந்து குடிப்பவர்களைப் பார்த்தால் நிற்காது. ஏ என்று தெரிந்தால் வீட்டாரின் கைகழுவலையும் பிள்ளைகளின் பாடசாலையையும் கவனிக்கலாம், தொடர்புற்றவர்களுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றலாம். ஈ என்று தெரிந்தால் உடனே கிணற்றையும், அதைப் பாவிக்கும் கர்ப்பிணிகளையும் தேடிப் போக வேண்டும். பீ அல்லது சீ என்றால் கிணற்றோடு தொடர்பே இல்லை. குருதி, ஊசி, குடும்பத்தினரின் பரிசோதனை, நீண்டகாலக் கண்காணிப்பு என்று பாதை முற்றிலும் மாறும். சீ வைரசை இன்று மாத்திரைகளால் சில மாதங்களில் முற்றாக நீக்கிவிட முடியும். கண்டறியாமல் விட்டால் அது பல ஆண்டுகள் கழித்து ஈரல் இறுக்கமாகவோ புற்றுநோயாகவோ திரும்பும்.

நமது ஊரில் செங்கமாரி கண்டவர்களில் ஒரு பகுதியினர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துவிட்டு வைத்தியசாலைப் பக்கமே வருவதில்லை. ஏ வைரசு தானே நீங்கும் நோய் என்பதால், குடித்த மருந்துக்கே பெயர் போய்ச் சேர்கிறது. கீழ்க்காய்நெல்லியை நான் இகழவில்லை. 1988 இல் சென்னையில் நடந்த ஆய்வொன்றில், பீ வைரசை நீண்டகாலம் காவியிருந்தவர்களுள் அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் மேலுறைப் பொருள் மறைந்தது என்று காட்டப்பட்டு, உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. மூலிகை குடிப்பதால் வரும் இழப்பு வேறு: அந்த நோயாளி எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. வைரசு ஈரலழற்சி நமது நாட்டில் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். ஐயம் எழுந்த உடனே வைத்தியர் அறிவித்தல் படிவத்தை அனுப்ப, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பரிசோதகர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த ஒழுங்கு நன்றாகவே அமைக்கப்பட்டது. ஆனால் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அட்டவணையில் மாவட்ட வாரியாக வைரசு ஈரலழற்சி என்று ஒரே நிரல் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணிக்கையில் எத்தனை ஏ, எத்தனை பீ, எத்தனை ஈ என்பது தெரியாமல், யாழ்ப்பாணத்தின் எண் ஒரு வாரம் கூடினாலும் குறைந்தாலும் அதிலிருந்து கிணற்றைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது.

ஈ வைரசைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் கர்ப்பிணிகள். மற்றவர்களில் மிகச் சிலரே இறக்கும் நோய், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருப்பவர்களில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டோரைக்கூடக் கொன்றிருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் வளர்ந்தோரின் உதிரியான கடும் ஈரலழற்சிக்கு ஈ வைரசே முதன்மைக் காரணம். பாக்குநீரிணையைக் கடந்து ஆட்களின் போக்குவரவு ஓயாத ஊர் நம்முடையது. அந்த வைரசுக்கான தடுப்பூசி ஒன்று 2011 இல் சீனாவில் அனுமதி பெற்றது; 2022 இல் தென்சூடானின் பென்ரியு முகாமில் பரவலைக் கட்டுப்படுத்த முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அது எங்கே தேவை என்று தீர்மானிப்பதற்கும் வைரசு எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மஞ்சளித்து வரும் ஒவ்வொருவரிடமும், அவர் தனி ஒருவராக வந்தாலும், முதல் நாளில் எடுக்கும் குருதியில் ஏ வைரசின் ஐ.ஜி.எம். உம் பீ வைரசின் மேலுறைப் பொருளும் பார்க்கப்பட வேண்டும். இரண்டும் இல்லையெனில், அதே குழாயில் எஞ்சும் நீர்ப்பாயத்தை உறைநிலையில் வைத்து, நோயாளியின் கிராமம், குடிநீர் மூலம், நோய் தொடங்கிய நாள் ஆகியவற்றை எழுதி, ஈ, சீ பரிசோதனைக்கு ஒன்றுசேர்த்து அனுப்பலாம். எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனை மாரிகாலத்தில் இவற்றோடு சேர வேண்டும். நோயாளி கர்ப்பிணியாக இருந்தால் மாதிரிகள் சேரும்வரை காத்திராமல் அன்றே அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை அவரை வீட்டுக்கு விடாமல் வைத்தியசாலை விடுதியில் வைத்து, குருதி உறையும் நேரத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும்.